குதிரை முட்டை வேண்டாம். கோழி முட்டை போதும்!

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது ஏலாக்குறிச்சி. அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். திருக்காவலூர் என்ற பெயரும் அதற்கு உண்டு.

1680-ம் ஆண்டு இத்தாலியில் பிறந்தவர் வீரமாமுனிவர். தமிழ்நாட்டுக்கு வந்தார். தமிழ் கற்றார். தமிழ்ப் புலவராகவே ஆகிவிட்டார். அவர் தங்கித் தொண்டு செய்த ஊர் ஏலாக்குறிச்சி.

அவர் எழுதிய "பரமார்த்த குரு கதை"யைக் கேட்டுச் சிரிக்காத பிள்ளைகள் உண்டா? பெரிய பூசணிக்காயைக் காட்டி, "இதுதான் குதிரை முட்டை" என்று ஒருவன் சொல்கிறான். குருவின் சீடர்கள் அதை நம்பிப் பணம் கொடுத்து வாங்கி வருகிறார்கள். வழியில் பூசணிக்காய் விழுந்து உடைகிறது. புதரிலிருந்து ஒரு முயல் ஓடுகிறது. குதிரைக்குட்டிதான் ஓடுகிறது என்று எண்ணி, அதைத் துரத்துகிறார்கள்!

சிரிப்புக் கதைதான். ஆனால் அந்தச் சீடர்கள் இன்னும் சாகவில்லை. ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்!

ஈமு என்ற குதிரை முட்டை

2012-ம் ஆண்டு நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஆஸ்திரேலியா நாட்டுப் பறவையான ஈமுவை, "ஈமு கோழி" என்று பெயர் சூட்டி விற்றார்கள். லட்சக்கணக்கில் பணம் கட்டினால் குஞ்சு தருவோம், தீவனம் தருவோம், மாதம் தவறாமல் பணமும் தருவோம் என்று விளம்பரம் செய்தார்கள். ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் தொடங்கிய இந்த மோகம் பல மாவட்டங்களுக்கும் பரவியது.

என்ன ஆயிற்று? கம்பெனிகள் கதவை மூடின. பணம் போட்டவர்கள் போலீசில் புகார் கொடுத்தார்கள். பறவைகள் தீனி இல்லாமல் தவித்தன. கடைசியில் அரசாங்கமே அவற்றுக்குத் தீனி போட வேண்டிய நிலை வந்தது.

நிலத்தை அடகு வைத்தவர்கள் உண்டு. நகையை விற்றவர்கள் உண்டு. அவர்களுக்கு வளர்க்கத் தெரியாமல் இல்லை. ஆசைதான் அவர்களைக் கெடுத்தது.

அதே அரியலூர், பெரம்பலூர்ச் சீமையில் ஒரு பாட்டி 4 பெட்டைக் கோழியும் ஒரு சேவலும் வைத்துக்கொண்டு, கடன் இல்லாமல் காலம் தள்ளியிருப்பாள். அவளுக்கு விளம்பரம் இல்லை. ஆனால் அவள் கணக்கு ஒரு நாளும் பொய்க்கவில்லை.

புதிதாகக் கோழி வளர்க்க நினைக்கும் குடும்பம் பின்பற்ற வேண்டியது இந்தப் பாட்டியின் வழியைத்தான். ஆனால் அவள் காலத்தில் கிடைக்காத இரண்டு உதவிகளை அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, குஞ்சுக்குக் கதகதப்புக் கொடுக்கும் அறிவு. மற்றொன்று, தடுப்பு மருந்து.

சாயக் குஞ்சை வாங்காதீர்கள்!

முதலில் ஒரு எச்சரிக்கை. திருவிழாக் கடையிலும், சைக்கிள் கூடையிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று வண்ணக் கோழிக்குஞ்சுகள் வருகின்றன. குழந்தை கையை நீட்டுகிறது. அப்பா வாங்கிக் கொடுக்கிறார். மூன்றாம் நாள் குஞ்சு செத்துக் கிடக்கிறது. குழந்தை அழுகிறது.

இந்தக் குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன? முட்டைப் பண்ணைக்குப் பெட்டைதான் வேண்டும், சேவல் வேண்டாம். குஞ்சு பொரித்ததும் சேவல் குஞ்சுகளைப் பிரித்து ஒதுக்கிவிடுவார்கள். அவற்றுக்குத்தான் சாயம் பூசி விற்கிறார்கள். தாய் இல்லை, சூடு இல்லை, தடுப்பு மருந்தும் இல்லை. பிழைத்தாலும் முட்டை இடாது! இதை வாங்கிக் கோழிப் பண்ணை தொடங்கலாம் என்று நினைப்பதும் குதிரை முட்டைதான்.

வாரத்துக்கு ஒரு கோழி

பின் எப்படித் தொடங்குவது? கிராமத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. கோழி உள்ளவர், இல்லாதவருக்கு ஒரு பெட்டையை "வாரத்துக்கு" விடுவார். அது பொரிக்கும் குஞ்சில் பாதி கொடுத்தவருக்கு, பாதி வளர்த்தவருக்கு. பணமும் வேண்டாம், பத்திரமும் வேண்டாம். அக்கம்பக்கத்து நம்பிக்கையே ஜாமீன்.

இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. கையில் காசு இருந்தாலும், முதல் வருடம் 4 பெட்டை, ஒரு சேவலுக்கு மேல் வேண்டாம். வளர்ப்பவருக்கு வேலை பழக ஒரு வருடம் ஆகும்.

என்ன கோழி வாங்கலாம்? சிறுவிடை உடம்பு சிறியது. அடை நன்றாகக் காக்கும். பெருவிடை உடம்பு பெரியது. கறிக்கு நல்ல விலை போகும். கழுத்தில் இறகு இல்லாத கிராப்புக் கோழி வெயிலைத் தாங்கும். முதல் முறை வளர்க்கும் வீட்டுக்குச் சிறுவிடைதான் ஏற்றது. அதுவே அடை காக்கும். அதுவே குஞ்சையும் காக்கும்.

அடை வைக்கும் முறை

ஒரு கோழிக்கு 10 அல்லது 12 முட்டை போதும். அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு எட்டாது. ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையை அடைக்கு வைக்கக்கூடாது.

7-ம் நாள் இரவில் டார்ச் விளக்கின் மேல் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போல் நரம்பு ஓடினால் கரு இருக்கிறது. வெறும் வெளிச்சம் தெரிந்தால் கரு இல்லை. அது கூமுட்டையாகும் முன்பே எடுத்துவிடலாம். 21-ம் நாள் குஞ்சு வெளியே வரும்.

குஞ்சு வந்ததும் ஊரே வந்து பார்க்கும். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

குஞ்சைக் கொல்வது குளிர்!

"நம் ஊரில் ஏது குளிர்?" என்று கேட்பார்கள். மனிதனுக்கு இல்லை, குஞ்சுக்கு உண்டு.

முதல் வாரக் குஞ்சுக்கு 35 டிகிரி சூடு வேண்டும். கொள்ளிடக் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மார்கழி, தை மாதங்களில் பனி. அந்த இரவுகளில் சூடு 20 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். குஞ்சுக்கு வேண்டியதைவிட 15 டிகிரி குறைவு! குஞ்சின் உடம்பில் இருப்பதோ வெறும் பஞ்சு, இறகு அல்ல. அது என்ன செய்யும்?

தாய்க்கோழி இருந்தால் கவலை இல்லை. கோழியின் உடல் சூடு 41 டிகிரிக்கு மேல். இறக்கையை விரித்துக் குஞ்சுகளை அணைத்துக்கொள்ளும். அதைவிட நல்ல இயந்திரம் இல்லை.

தாய் இல்லாத குஞ்சுக்கு, அதாவது பொரிப்பகத்தில் வாங்கிய குஞ்சுக்கு, வீட்டுக்காரிதான் தாய். வட்டமாகத் தகடோ அட்டையோ வைத்து, தரையில் 2 அங்குலம் உமி பரப்பி, மேலே பல்பைத் தொங்கவிட வேண்டும். 25 குஞ்சுக்கு 40 முதல் 60 வாட் குண்டு பல்பு போதும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது! குஞ்சுக்கு வேண்டியது வெளிச்சம் அல்ல, சூடு. பல்பு உமியைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டால் வீடே பற்றிக்கொள்ளும்.

சூடு சரியா, இல்லையா? குஞ்சே சொல்லும். பல்புக்குக் கீழே ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது. பல்பை இறக்க வேண்டும். வாயைப் பிளந்துகொண்டு ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். பல்பை ஏற்ற வேண்டும். அங்கும் இங்கும் பரவி மேய்ந்தால் சரி. வாரத்துக்கு 3 டிகிரி வீதம் சூட்டைக் குறைத்துக்கொண்டே வரலாம். 4, 5 வாரத்தில் இறகு முளைத்துவிடும். அப்புறம் பல்பு வேண்டாம்.

குளிர் என்று பயந்து கூண்டை நாலு பக்கமும் இறுக மூடுவதும் தவறு. காற்று நுழையாவிட்டால் எச்சத்தின் நெடி தங்கும், உமி ஈரமாகும், ஈர உமியில் ரத்தக் கழிச்சல் நோய் வரும். காற்று வீசும் பக்கம் சாக்குத் தொங்கவிட்டு, மேல்புறம் இடைவெளி விட வேண்டும். குளிர் ஒரு மடங்கு கெடுதல் என்றால், ஈரம் இரு மடங்கு கெடுதல்.

கானடா துறவியின் கோழி

இது கானடா நாட்டவருக்கும் தெரியும். அங்கே குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 20, 30 டிகிரி இறங்கும். வளர்ந்த கோழிக்கு இறகே கம்பளி. உலர்ந்த இடமும் வயிறு நிறையத் தீனியும் இருந்தால் அந்தக் குளிரையும் தாங்கும். ஆனால் இறகில்லாத கொண்டை பனியில் விறைத்துப் புண்ணாகிவிடும்.

கியூபெக் மாநிலத்தில் ஓக்கா என்ற மடத்துத் துறவி ஒருவர் இதற்கு வழி தேடினார். வில்ஃப்ரிட் ஷாட்லேன் என்பது அவர் பெயர். 1908-ல் தொடங்கிப் பத்து ஆண்டுகள் பல இனங்களைக் கலந்து, கொண்டையே இல்லாதது போல் மிகச் சிறிய கொண்டை உள்ள ஒரு கோழியை உண்டாக்கினார். சாந்தெக்லேர் என்பது அதன் பெயர். குளிரிலும் முட்டை இடும், கறிக்கும் ஆகும்.

இதில் ஏலாக்குறிச்சிக்கு என்ன பாடம்? கானடாக்காரர் தம் ஊர்க் குளிருக்கு ஏற்ற கோழியைத் தேடினார். நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற கோழி ஏற்கெனவே நம் கொல்லையில் மேய்கிறது! அதை விட்டுவிட்டு வெளியூர்க் கோழிக்கு ஓடுவானேன்? நம் நாட்டில் குஞ்சுக்கு எதிரி குளிர். வளர்ந்த கோழிக்கு எதிரி சித்திரை வெயில். அதற்கு நிழலும் நிறையத் தண்ணீரும் வைத்தால் போதும்.

ராணிகேட் அரக்கன்

குளிரை வென்ற குடும்பத்தை அழ வைக்க இன்னொரு எதிரி இருக்கிறது. வெள்ளைக் கழிச்சல்! நேற்று மேய்ந்த கோழி இன்று தலையைத் தொங்கப் போடும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். கழுத்து திருகிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் கூண்டே காலி.

இமயமலைப் பக்கம், குமாவூன் மலையில் ராணிகேட் என்ற குளிர்ந்த ஊர் இருக்கிறது. 1920-களின் கடைசியில் அங்கே இந்த நோய் கண்டறியப்பட்டதால், நம் நாட்டில் இதற்கு ராணிகேட் நோய் என்றே பெயர் வந்துவிட்டது.

வந்தபின் இதற்கு மருந்து கிடையாது. வருமுன் காக்கத்தான் முடியும். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. 8 வாரம் ஆனதும் ஊசி. இந்த மருந்துகளைத் தயாரிக்கும் அரசாங்க நிலையம் ராணிப்பேட்டையில் 1932-ம் ஆண்டு முதல் இருக்கிறது. கோடைக்கு முன்னால், மாசி மாதத்தை ஒட்டிக் கால்நடைத் துறையினர் கழிச்சல் நோய்த் தடுப்பு முகாமும் நடத்துகிறார்கள்.

இருந்தும் கோழிகள் சாவது ஏன்? ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கு வரும். கலக்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். 10 குஞ்சு வைத்திருப்பவள் அதற்காக ஒரு குப்பியை உடைக்கச் சொல்ல முடியுமா? "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறாள். அதற்குள் கழிச்சல் வந்துவிடுகிறது.

இதற்கு வழி ஒன்றுதான். தெருவுக்கு ஒரு நாள் குறிக்க வேண்டும். பத்து வீட்டுப் பெண்கள் பஞ்சாரத்தோடு சேர்ந்து வந்தால் ஒரு குப்பி வீணாகாது. கோழி நோய்க்கு வேலி தெரியாது. பக்கத்து வீட்டுக் கோழிக்கு மருந்து போடாவிட்டால் இந்த வீட்டுக் கோழிக்கும் ஆபத்துதான். மகளிர் குழுக்கள் வட்டிக் கணக்குப் பார்ப்பதோடு இந்த நாளையும் குறித்து வைக்கலாம்.

செத்த கோழியைக் குப்பையில் வீசக்கூடாது. ஆற்றிலும் போடக்கூடாது. ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். கோழியையும் குஞ்சையும் தொட்ட குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

தீனிக்குச் செலவு ஏது?

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் விளையும் பூமி. உடைத்த சோளம், அரிசிக் குருணை, கம்பு, முருங்கைக் கீரை, சமையற்கட்டுக் கழிவு. இவை போதும். குஞ்சு வேகமாக வளரப் புரதச் சத்து வேண்டும். அதற்கும் பாட்டிமார் வழி கண்டிருக்கிறார்கள். பழைய பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் போட்டு, தண்ணீர் தெளித்து, தரையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை கரையான் மொய்த்திருக்கும். குஞ்சுகளுக்கு அதுதான் விருந்து. வீட்டை அரிக்கும் கரையான் வீட்டுக்கு முட்டையாகத் திரும்பி வருகிறது!

யாருக்கு முட்டை? யாருக்குக் காசு?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம்.

நாட்டுக் கோழி ஒன்று வருடத்துக்கு 60 முட்டை இடுவதாக வைத்துக்கொள்வோம். 4 கோழிக்கு 240 முட்டை. அடைக்கு 48 முட்டை எடுத்தாலும் மீதி 192. வீட்டில் இரண்டு குழந்தைகள் என்றால், ஆளுக்கு வாரம் ஏறக்குறைய இரண்டு முட்டை!

"கடையில்தான் முட்டை மலிவாகக் கிடைக்கிறதே? பண்ணைக் கோழி வருடத்துக்கு 300 முட்டை இடுகிறதே?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். நாமக்கல் முட்டையால் ஏழைக்கும் முட்டை எட்டியது. 2010-ம் ஆண்டு முதல் பள்ளிச் சத்துணவில் வாரம் 5 நாளும் முட்டை கிடைக்கிறது. அது பெரிய காரியம்.

ஆனால் சத்துணவு முட்டை பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு. வயிற்றில் பிள்ளையைச் சுமக்கும் மருமகளுக்கு? பல் போன பாட்டிக்கு? கோடை விடுமுறைக்கு? கடை முட்டைக்குக் கையில் காசு வேண்டும். கொல்லை முட்டைக்கு வேண்டாம். வித்தியாசம் அதுதான்.

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டுக் கோழி முட்டையில் முதல் பங்கு யாருக்கு என்பது விளங்கும். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கொடுத்த பிறகுதான் சந்தைக்குப் போக வேண்டும். நாட்டுக் கோழி முட்டைக்கு விலை அதிகம் என்று எல்லாவற்றையும் விற்றுவிட்டு, பிள்ளைக்குக் கடை பிஸ்கட் வாங்கிக் கொடுப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

காசு யாருக்கு? கோழி வளர்த்தவளுக்கு! விடியற்காலையில் பஞ்சாரத்தைத் திறப்பவள் அவள். மழை இரவில் எழுந்து குஞ்சைப் பார்ப்பவள் அவள். கீரியையும் பருந்தையும் விரட்டுபவள் அவள். சேவல் விற்ற பணத்தை எண்ணும்போது மட்டும் ஆண்பிள்ளை வந்து நிற்பது என்ன நியாயம்?

பெண்கள் அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சேர்த்து வைக்கும் சிறுவாட்டுக் காசு எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. பள்ளிக்கூட நோட்டு, நள்ளிரவில் வரும் குழந்தைக் காய்ச்சல், திடீரென்று வரும் விருந்தாளி எல்லாவற்றையும் அந்தக் காசுதான் சமாளிக்கிறது. கோழிக் காசு அந்த வகைக் காசு. அதில் கணவன் கணக்குக் கேட்கக்கூடாது. டாஸ்மாக் கடைக்கு அது வழி தெரிந்துகொண்டால், கோழியும் மிஞ்சாது, குடும்பமும் மிஞ்சாது.

அரசாங்கம் செய்ய வேண்டியது

ஏழைப் பெண்களுக்குக் கோழிக்குஞ்சு வழங்கும் திட்டங்களை அரசாங்கம் நடத்தியிருக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் குஞ்சைக் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடாது. ஒரு நாள் குஞ்சை மழைக்காலத்தில் ஓலை வீட்டுக்காரியிடம் கொடுத்தால் அது குளிரில் சாகும். பழி அவள் மேல் விழும்.

கொடுப்பதானால் 4 வாரம் வளர்ந்த குஞ்சாகக் கொடுக்க வேண்டும். தை பிறந்து, பனி தணிந்தபின் கொடுக்க வேண்டும். சொட்டு மருந்து போட்டுக் கொடுக்க வேண்டும். எட்டாம் வாரம் ஊசி போட ஊருக்கே ஆள் வர வேண்டும். எத்தனை குஞ்சு கொடுத்தோம் என்று கணக்குச் சொல்வது பெரிதல்ல. ஆறு மாதம் கழித்து எத்தனை கோழி மேய்கிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். அதுதான் உண்மையான கணக்கு.

கோழி வளர்ப்பு ஒரு குடும்பத்தைக் கோடீசுவரன் ஆக்காது. ஆக்கும் என்று சொல்கிறவனை நம்பவும் கூடாது. ஆனால் ஒரு குழந்தையை நிமிர்ந்து நிற்க வைக்கும். ஒரு பெண்ணைப் பத்து ரூபாய்க்குப் பிறர் கையைப் பார்க்காமல் வாழ வைக்கும்.

நாலு பெட்டை, ஒரு சேவல், ஒரு பஞ்சாரம். காய்ந்த உமி, கதகதப்பு, காலத்தில் போட்ட மருந்து. ஒரு குடும்பம் தொடங்க இவ்வளவு போதும்.